ஃபைனல் போட்டால் மட்டும் பட்டியல் பத்திரமாக இருக்காது

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு ஜாவாவில் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். ஒரு விவசாயியின் லாட்டில் 12 மூட்டை. பில்லில் 11 மூட்டைக்குத்தான் தொகை வந்தது. அந்த அண்ணன் எடைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

எடைப் பட்டியலை பிரைவேட் (வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடியாது), ஃபைனல் என்று போட்டுத்தான் வைத்திருந்தேன். ஆனால் கெட்டர், அதாவது மதிப்பை வெளியே எடுத்துக் கொடுக்கும் மெத்தட், அதே பட்டியலை அப்படியே வெளியே நீட்டியது. ரிப்போர்ட் திரை அதில் ஒரு மூட்டையின் வரியை நீக்கியதும் உள்ளே இருந்த பட்டியலிலிருந்தும் அது போய்விட்டது. ஃபைனல் அந்த இடத்தில் வேறு பட்டியலை வைக்க விடாது, அவ்வளவுதான். உள்ளே கை வைப்பதைத் தடுக்காது.

ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரிலேயே 'லிஸ்ட்.காப்பிஆஃப்' (List.copyOf) போட்டு நகல் எடுத்து வையுங்கள். ஜாவா 10 முதல் இருக்கிறது. அப்புறம் யாராவது ஆட், ரிமூவ் என்று அழைத்தால் அங்கேயே எக்செப்ஷன் (பிழை) வரும்; தப்பு செய்த வரி உடனே தெரிந்துவிடும். 'கலெக்‌ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்லிஸ்ட்' (Collections.unmodifiableList) நகல் எடுக்காது, மூலப் பட்டியல் மாறினால் அதுவும் மாறும். அதனால் நான் காப்பிஆஃப் பக்கம்தான். பட்டியலில் நல் (null, வெற்று மதிப்பு) இருந்தால் மட்டும் அது ஏற்காது.

சரி, பட்டியலுக்குள் இருப்பதே மூட்டை என்ற ஆப்ஜெக்ட் என்றால்? அதற்கும் செட்டர் (மதிப்பை மாற்றும் மெத்தட்) வைக்காதீர்கள். ஜாவா 16 முதல் செட்டர் இல்லாத ரெக்கார்டாகவே (record) எழுதிவிடலாம்.