அமெரிக்காவில் கிளை கொடுக்கப் போகிறீர்களா? அட்வான்ஸை வாங்காதீர்கள்

நான் கோவையில் கம்பெனி செக்ரட்டரி. பல ஊர்களில் டிபன் கடை நடத்தும் ஒரு முதலாளியோடு நியூ ஜெர்சி எடிசனுக்குப் போயிருந்தேன். ஃபிரான்சைஸ், அதாவது நம் பெயரில் கடை நடத்தும் உரிமை, கேட்டவர் முதல் நாளே செக் எழுதி நீட்டினார். நம்மவரும் கையை நீட்டிவிட்டார். மேசைக்கடியில் காலை மிதித்துத்தான் நிறுத்தினேன்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஃபிரான்சைஸ் கொடுப்பவர் தன் விவரங்களை வாங்குபவரிடம் முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டும் என்று இந்தியாவில் தனிச் சட்டமே கிடையாது. அமெரிக்காவிலோ வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி 1979 முதல் இருக்கிறது, 2007-ல் திருத்தினார்கள். 23 தலைப்புகள் கொண்ட எஃப்.டி.டி. (ஃபிரான்சைஸ் டிஸ்குளோஷர் டாகுமென்ட்) என்ற வெளிப்படுத்தல் ஆவணத்தைக் கொடுத்து, முழுதாக 14 நாள் போன பிறகுதான் கையெழுத்தும் பணமும். கொடுத்த நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடைசித் தலைப்பு வெறும் ரசீதுதான், ஆனால் தேதியோடு கையெழுத்து வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு ஒரு தகராறு வந்தால் அதுதான் சாட்சி. ஒப்பந்தத்தில் நீங்களாகவே முக்கியமான எதையாவது மாற்றினால், திருத்திய பிரதியைக் கொடுத்து இன்னும் 7 நாள் பொறுக்க வேண்டும்.

வேலையை ஆடிட்டரிடமிருந்து தொடங்குங்கள், அதுதான் இழுக்கும். ஆவணத்தில் சேர்க்கும் கணக்கு அமெரிக்க முறையில் இருக்க வேண்டும். புதிதாக ஃபிரான்சைஸ் கொடுப்பவருக்கு முதல் ஆண்டில் ஆடிட் செய்யாத தொடக்க இருப்புநிலைக் குறிப்பு போதும் என்ற சலுகை உண்டு. விற்கும் முன் ஆவணத்தைப் பதிவு செய்யச் சொல்லும் மாநிலங்களில் அதை நம்பிப் போகாதீர்கள்.

சாம்பார் பொடியும் காபித்தூளும் உங்களிடமே வாங்க வேண்டுமா? அதில் உங்களுக்கு வரும் வருமானத்தை 8-ஆம் தலைப்பில் எழுத வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் 19-ஆம் தலைப்பு. "நம்ம கடையில் தினம் இவ்வளவு ஓடும்" என்று சாப்பாட்டு மேசையில் சொல்வதும் வருமான வாக்குறுதிதான். ஆதாரத்தோடு அந்தத் தலைப்பில் எழுதியிருந்தால் சொல்லலாம், இல்லையென்றால் வாயைத் திறக்கக் கூடாது. முதலாளியை இதற்குச் சம்மதிக்க வைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

20-ஆம் தலைப்பில் கடந்த ஆண்டு ஃபிரான்சைஸை விட்டு விலகிப் போனவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் வர வேண்டும். "சண்டை போட்டுட்டுப் போனவன் நம்பரையுமா?" என்றார் முதலாளி. அவருடையதையும்தான்.

அப்புறம் மாநிலம். நியூ ஜெர்சியில் முன்பதிவு கேட்பதில்லை. ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூயார்க் போனால் வேண்டும். கலிபோர்னியா, இல்லினாய், மேரிலாந்திலும் அப்படித்தான். பதிவு முடியாமல் அங்கே விற்கும் பேச்சையே எடுக்காதீர்கள்.

ஆண்டுக் கணக்கு முடிந்து 120 நாளுக்குள் ஆவணத்தைப் புதுப்பிக்க வேண்டும். மார்ச் 31-ல் முடிப்பவர்களுக்குக் கெடு ஜூலை 29. நம் ஆடிட்டர்களுக்கு அது வருமான வரி சீசன், ஏப்ரலிலேயே பிடித்துவிடுங்கள்.