சிறு சப்ளையருக்கு 45 நாளில் பணம்: நிறுவனத் தலைமை செய்ய வேண்டியவை

ஆண்டறிக்கையில் மரம் நட்ட கணக்கு பளபளக்கும். லேத் பட்டறைக்காரரின் பில் மட்டும் 90 நாளாக நிற்கும். நியாயமாகத் தொழில் நடத்த நினைப்பவர் முதலில் கைவைக்க வேண்டியது இந்தப் பாக்கியில்தான்.

குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள் என்கிறது 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம். பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று அச்சடித்துக் கையெழுத்து வாங்கினாலும் செல்லாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்னும் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்தரக் கூட்டு வட்டி.

சப்ளையர் பட்டியலில் இருந்து தொடங்குங்கள். ஒவ்வொருவரின் உத்யம் எண்ணையும் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அரசு தரும் பதிவு எண்) அரசுத் தளத்தில் சரிபார்த்து, குறு, சிறு நிறுவனங்களைத் தனியாகக் குறியுங்கள். வகை மாறக்கூடியது, ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் கோளாறு நாள் எண்ணுவதில்தான். அக்கவுண்ட்ஸ் பிரிவு பில்லைப் பதிவு செய்த நாளில் இருந்து எண்ணும். சட்டமோ சரக்கை ஏற்ற நாளில் இருந்து எண்ணுகிறது. வந்து 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், வந்த நாளே ஏற்ற நாள். ஸ்டோர்ஸில் பில் 20 நாள் தூங்கினால் உங்கள் 45 உண்மையில் 65. ஆகவே கேட் என்ட்ரி தேதியையே கணினியில் தொடக்க நாளாக வையுங்கள். தரப் பரிசோதனைக்கு 5 நாள் கெடு போதும்.

மாதம் ஒருமுறை பணம் அனுப்பும் வழக்கத்தை விட்டு, வாரம் ஒருமுறை, அடுத்த 7 நாளில் கெடு முடியும் பில்களை எல்லாம் தீர்த்துவிடுங்கள்.

பணத்துக்கு எங்கே போவது? மாதம் 2 கோடிக்குச் சிறு சப்ளையரிடம் வாங்கும் நிறுவனம் 90 நாளில் இருந்து 45-க்கு இறங்க ஒரே தடவை 3 கோடி நடைமுறை மூலதனம் வேண்டும். 9% வட்டியில் ஆண்டுக்கு 27 லட்சம். மறுபக்கம், மார்ச் 31-ல் கெடு தாண்டி நிற்கும் பாக்கியை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க வருமான வரிச் சட்டம் விடாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். இதற்குப் பயந்து மார்ச்சில் மட்டும் அவசரமாகக் கொடுத்துவிட்டு ஏப்ரலில் பழையபடி இழுப்பவர்கள் உண்டு. வரி தப்பும், பட்டறைக்காரரின் கந்துவட்டி தப்பாது.

சிறு சப்ளையரின் பில்லுக்கு வங்கிகள் கடன் தரும் ஆன்லைன் தளம் ட்ரெட்ஸ் (TReDS). அதில் பில்லை ஏற்றினால் வங்கி சப்ளையருக்கு முன்கூட்டியே பணம் தரும். 2 நாளில் நீங்கள் பில்லுக்கு ஒப்புதல் தராவிட்டால் பயனில்லை. முன்கூட்டித் தருவதற்காக வங்கி பிடிக்கும் டிஸ்கவுண்ட் செலவையும் சப்ளையர் தலையில் கட்டாதீர்கள்.

பர்ச்சேஸ் மேலாளரின் போனஸ் ‘கடன் நாளை நீட்டினால் பாராட்டு’ என்று இருந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. அதை முதலில் எடுங்கள். மாதக் கூட்டத்தில் சராசரி நாளைக் கேட்காமல், 45 தாண்டிய பில்கள் எத்தனை, மிகப் பழையது எது, யார் மேஜையில் என்று கேளுங்கள். பெரிய சப்ளையருக்கு 10 நாளில் போன பணம், பட்டறைக்காரரின் 80 நாளைச் சராசரியில் மறைத்துவிடும்.