டிராஃப்டில் எந்த அணி கெட்டி? கணக்குப் போடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், அணிகள் வரிசை எண்படி புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்த மறுநாளே ஒவ்வொரு அணிக்கும் மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். படிக்க ஜாலிதான், நம்பத்தான் கூடாது. 2013-இல் முதல் ஆளாகப் போன ஆன்டனி பென்னட் நான்கே சீசனில் லீகை விட்டே போய்விட்டார். அதே டிராஃப்டில் 15-ஆம் இடத்தில் போன யானிஸ் முதல் ஆண்டில் எடுத்தது ஆட்டத்துக்குச் சராசரியாக 6.8 புள்ளி. அப்புறம் இரண்டு முறை எம்விபி, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது. நான்கைந்து ஆண்டாவது பொறுத்துப் பார்க்க வேண்டும்.

பார்க்கும்போதும் தேர்வு எண்ணை மறந்துவிட்டு நட்சத்திரங்களை மட்டும் எண்ணக் கூடாது. 1997-இல் சான் அன்டோனியோவுக்கு, யார் முதலில் எடுப்பது என்று குலுக்கிப் போடும் லாட்டரியில் முதல் தேர்வு விழுந்தது. அந்த இடத்தில் யார் இருந்தாலும் டிம் டங்கனைத்தான் எடுத்திருப்பார்கள். அவர்களுடைய கண்ணைப் பாராட்ட 57-ஆம் இடத்தில் ஜினோபிலி, 28-ஆம் இடத்தில் பார்க்கர் என்று வேறு பெயர்கள் இருக்கின்றன. ஒரு தேர்வு எண்ணில் வழக்கமாக எப்படிப்பட்ட ஆள் கிடைப்பார், இந்த அணிக்கு அதைவிட எவ்வளவு கூடுதலாகக் கிடைத்தது என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு.

ஆனால் இந்தக் கணக்கையும் அதிர்ஷ்டம் கெடுக்கும். 2014-இல் டென்வர், 11-ஆம் இடத்தில் எடுத்த மெக்டெர்மட்டைச் சிகாகோவுக்குக் கொடுத்து, 16-ஆம் இடத்தில் போன நுர்கிச்சையும் 19-ஆம் இடத்தில் போன கேரி ஹாரிஸையும் வாங்கியது. யோகிச்சை எடுத்தது 41-ஆம் இடத்தில்தான். மூன்று எம்விபி வாங்கப்போகிறவர் என்று தெரிந்திருந்தால் அதுவரை சும்மா இருந்திருப்பார்களா? அதுவும் நுர்கிச், யோகிச் ஆடும் அதே சென்டர் (கூடையருகே நிற்பவர்) இடத்தில் ஆடுபவர்! அந்த ஒரு பெயரே பத்து ஆண்டு சராசரியைத் தூக்கிவிடும். அதனால் அவரை நீக்கிவிட்டும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். டென்வரின் நிஜமான கெட்டிக்காரத்தனம் பின்னால் வந்தது. இரண்டு சென்டர்களையும் சேர்த்து ஆடவைத்துப் பார்த்து, சரிவரவில்லை என்றதும் 2017-இல் நுர்கிச்சை போர்ட்லேண்டுக்கு அனுப்பிவிட்டு, ஆட்டத்தையே யோகிச்சின் பாஸைச் சுற்றி அமைத்தார்கள். இதை வளர்ப்புக் கணக்கில் எழுத வேண்டும், தேர்வுக் கணக்கில் அல்ல.

பட்டியலில் இருக்கும் அணிப் பெயரை அப்படியே எடுப்பது அடுத்த சறுக்கல். ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்கு நேரே சார்லட் என்றுதான் இருக்கும். அன்றிரவே அவர் கிளிப்பர்ஸுக்குப் போனார், ஒரே சீசனில் ஓக்லஹோமா சிட்டிக்கு. 2025-இல் எம்விபி ஆனது அங்கேதான். தேர்ந்தெடுத்த பெயர் கிளிப்பர்ஸுக்கு, வளர்த்த பெயர் ஓக்லஹோமாவுக்கு. அதிலும் ஒரு பகுதியைக் கழிக்க வேண்டும். இருபது வயதுப் பையன் இருபத்தைந்தில் எங்கே இருந்தாலும் கொஞ்சம் தேறியிருப்பான்.

புள்ளிச் சராசரியும் ஏமாற்றும். மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் 16.7 புள்ளியோடு சிறந்த ரூக்கி (முதல் சீசன் ஆட்டக்காரர்) விருது வாங்கிய சீசனில் ஃபிலடெல்ஃபியா ஜெயித்தது வெறும் 19 ஆட்டம். தோற்கிற அணியிலும் யாராவது பந்தைப் போட்டுத்தானே ஆக வேண்டும்? மறு ஆண்டே அவரை விற்றுவிட்டார்கள்.

டிராஃப்ட் பட்டியலை மட்டும் வைத்தால் மயாமி சுத்தமாக விடுபட்டுவிடும். 2023 இறுதிப் போட்டி வரை வந்த அந்த அணியின் வின்சென்ட், ஸ்ட்ரஸ், டங்கன் ராபின்சன், கேலப் மார்ட்டின் நால்வரையும் டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை.

பிரன்சன் விஷயத்தில் பலர் டல்லாஸைக் குறைத்து எழுதுகிறார்கள். 33-ஆம் இடத்தில் எடுத்து ஆளாக்கியது அவர்கள்தான். 2022-இல் நியூயார்க்கிடம் பறிகொடுத்தது ஒப்பந்தப் பேச்சில் விட்ட கோட்டை; டிராஃப்ட் பார்த்தவர்கள் தலையில் அதைக் கட்டாதீர்கள்.