ஆட்டுப் போட்டியில் நான்கு அறை: எதை வெந்நீரில் போடுவது, எதைப் போடக்கூடாது

ஆட்டுப் போட்டி, அதாவது ஆட்டின் வயிறு, ஒரே பை இல்லை, நான்கு அறை. நாலையும் ஒன்றாகக் கொதிநீரில் போட்டால் ஒன்று சுரண்ட வராது, இன்னொன்று வழவழப்போடு நிற்கும். அதனால் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கும்போது நறுக்காமல் முழுதாகக் கேளுங்கள். நறுக்கிவிட்டால் எது எந்த அறை என்று பிரிப்பது சிரமம். உறைந்ததாகக் கிடைத்தால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து இளக விடுங்கள்.

பெரிய பைதான் முதல் அறை. திருப்பிப் பார்த்தால் தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி குட்டிக் குட்டி முளைகள். தீவனம் நொதித்து உண்டாகும் கொழுப்பு அமிலங்களை உறிஞ்சுவது இவைதான். சுவரில் நான்கு அடுக்கு: உள்தோல், அதனடியில் இணைப்புத் திசு, அடுத்துத் தசை (உள்ளே வட்டமாக, வெளியே நீளவாக்கில்), கடைசியில் மெல்லிய உறை. முதல் மூன்று அறைகளின் உள்தோலில் சுரப்பிகள் கிடையாது. நம் நகத்தில் உள்ள கெரட்டின்தான் அதன் மேற்பரப்பையும் கடினமாக்குகிறது. நாம் சுரண்டுவது அந்தக் கரும்பழுப்புத் தோலை.

அதற்கு 65 முதல் 70 டிகிரி சூடு போதும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் மூன்று பங்கு கொதிநீரில் இரண்டு பங்கு குழாய்நீர் கலக்குங்கள். உள்ளங்கை அளவுத் துண்டை ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் கட்டைவிரலால் தேயுங்கள். தோல் வழுக்கி நகர்ந்தால் கரண்டி விளிம்பால் சுரண்டலாம், அடியில் வெள்ளை தெரியும். நகரவில்லையென்றால் இன்னும் அரை நிமிடம். தளதளவென்று கொதிக்கும் நீரில் போட்டால் இணைப்புத் திசு சுருங்கித் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பிறகு கத்திதான் மழுங்கும்.

தேன்கூடு போன்ற இரண்டாம் அறைக்கும் இதே முறைதான், ஆனால் கட்டங்களுக்குள் கரண்டி நுழையாது, பழைய பல்துலக்கி வேண்டும். ஆடு விழுங்கிய கம்பி, ஆணி தங்குவது இங்கேதான், விரலைக் கவனமாக விடுங்கள்.

மூன்றாவது, புத்தகம் போல ஏடு ஏடாக இருக்கும். ஒவ்வோர் ஏட்டையும் விரித்துக் குழாயடியில் பிடிக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இதைத் தூக்கிப் போட்டாலும் சூப் கெட்டுப்போகாது.

நான்காவதுதான் உண்மையான இரைப்பை. அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் சுரக்கும் சுரப்பிகள் இதில்தான். உள்தோல் மென்மையானது, கெரட்டின் இல்லை. வெந்நீர் பட்டால் கோழை வெந்து ஒட்டிக்கொள்ளும். கல் உப்பும் மஞ்சளும் போட்டுக் கசக்கி, பச்சைத் தண்ணீரில் நாலைந்து முறை அலசுங்கள்.

சுரண்டிய கொழுப்பையும் தோலையும் தொட்டிக் குழாயில் விடாதீர்கள். அடுக்குமாடி வீட்டில் அடைத்துக்கொண்டால் பெரிய தலைவலி. செய்தித்தாளில் சுற்றிப் பையில் கட்டி அன்றே போட்டுவிடுங்கள்.

முதல் அறையின் உள்ளே தடித்த தசை மடிப்புகள் உண்டு, அவற்றை மட்டும் மெல்லியதாகக் குறுக்கே நறுக்குங்கள். முதல் மூன்றையும் குக்கரில் சிறுதீயில் 20 நிமிடம் வேகவிட்டு, ஆவி அடங்கியதும் திறந்து நான்காவதைச் சேர்த்து மேலும் 20 நிமிடம். இணைப்புத் திசுவிலுள்ள கொலாஜன் என்ற புரதம் ஜெலட்டினாகக் கரைவதால் சூப் தானே கெட்டிப்படும், சோளமாவு வேண்டாம்.