மேஜர் எடுக்கப் போகிறீர்களா? முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள்

மலேசியாவில் ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்துப் பல்கலைக்கழகத்தில் கலைத் துறைக்குப் போகும் தம்பி தங்கைகள் பலர், "மேஜரை (பட்டப்படிப்பின் முதன்மைத் துறையை) இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். மேஜருக்கான விண்ணப்பப் பாரம் நிரப்புவது வேண்டுமானால் அப்போது இருக்கலாம். எந்த மேஜர் கிடைக்கும் என்பது முதல் செமஸ்டர் பாடப் பதிவிலேயே பாதி முடிவாகிவிடும்.

முதல் படி, நுழைவுத் தகுதி. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு யுபியு எனும் பொது விண்ணப்ப முறை வழி விண்ணப்பிக்க, எஸ்.டி.பி.எம். சராசரிப் புள்ளியான சி.ஜி.பி.ஏ. குறைந்தது 2.00, ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.-இல் மலாய்மொழியில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி), மூவெட் எனும் ஆங்கிலத் தேர்வு வேண்டும். மாணவரைத் தேர்ந்தெடுக்கக் கணக்கிடும் மெரிட் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுப் புள்ளி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. இவை வாசலைத் திறக்க மட்டும்தான். பொருளியல் என்றால் எஸ்.பி.எம். கணிதத்தையும் பார்ப்பார்கள். தமிழ் படிக்க விரும்புவோர் இன்னும் முன்னதாகவே முடிவெடுக்க வேண்டும்: கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு யுபியு-விலேயே குறிப்பிட்டு விண்ணப்பிக்கிறோம்.

அடுத்து, பாடத்திட்டக் கையேட்டைத் திறங்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் (யு.எஸ்.எம்.) பாடங்களுக்கு எழுத்து அடையாளம் உண்டு: டி (T) என்றால் கட்டாயம், இ (E) விருப்பப் பாடம், எம் (M) மைனர் எனும் துணைத் துறைப் பாடம், யு (U) எல்லா மாணவருக்கும் பொதுவான பல்கலைக்கழகப் பாடம். ஆசைப்படும் மேஜரின் கட்டாயப் பாடங்களை மட்டும் முதலில் பென்சிலால் வட்டமிடுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: பாடம், அதற்கு முன்தேவைப் பாடம், எந்த செமஸ்டரில் நடக்கிறது, எந்த கிரேடு வேண்டும். கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கி நிரப்புங்கள். ஆய்வேடு எழுத ஆய்வு முறையியல் முடித்திருக்க வேண்டும், அதற்கு முன் அறிமுகப் பாடம். அந்த அறிமுகப் பாடம் முதல் செமஸ்டரில் மட்டும் நடந்தால்?

எனக்கு அதுதான் நடந்தது. காலை எட்டு மணி வகுப்பு என்று தவிர்த்தேன். அடுத்த செமஸ்டரில் தேடினால் அந்தப் பாடமே இல்லை. ஓராண்டு காத்திருந்து, கடைசியில் ஒரு செமஸ்டர் கூடுதலாகப் படித்தேன். பி.டி.பி.டி.என். எனும் அரசு உயர்கல்விக் கடனின் காலம் முடிந்துவிட்டது. அந்தக் கட்டணத்தை அப்பா சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

சரி, இன்னும் மனம் ஒரு பக்கம் நிற்கவில்லையா? முதல் செமஸ்டரில் இரண்டு துறைகளின் அறிமுகப் பாடங்களைச் சேர்த்தே எடுங்கள். எந்த வகுப்பின் வாசிப்பு உங்களை இரவு பதினோரு மணிக்கும் உட்கார வைக்கிறதோ, அதைக் கவனியுங்கள். ஆனால் பாஸ் ஆனால் போதும் என்று நினைக்காதீர்கள். பாடத்தில் தேறுவதற்கான கிரேடு ஒன்று. மேஜருக்குக் கேட்கும் கிரேடு சில இடங்களில் அதைவிட உயர்ந்தது.

அப்புறம், கல்வி ஆலோசகர், அதாவது பாடத் தேர்வில் உங்களுக்கு வழிகாட்டும் விரிவுரையாளர். கட்டம் போட்ட தாளோடு போங்கள். "எதை எடுக்கலாம், டாக்டர்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "டாக்டர், இந்தப் பாடம் அடுத்த செமஸ்டரில் திறக்குமா? இடம் எத்தனை?" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அது அவர்களுடைய வேலை.

கடைசியாக, மேஜர் பாரம். இறுதி நாளுக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்து, கையெழுத்தான பிரதியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த செமஸ்டர் பதிவுத் திரையில் உங்கள் பெயருக்குக் கீழே மேஜர் சரியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அன்றே அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.