இல்லாத கையில் வலிக்கிறதா? கண்ணாடிப் பயிற்சி செய்யும் முறை

இடது கையை முழங்கைக்குக் கீழே எடுத்தாயிற்று. புண்ணும் ஆறிவிட்டது. ஆனாலும் இல்லாத விரல்கள் இறுக மடங்கி, உள்ளங்கையில் நகம் குத்துவது போல வலிக்கிறது. இந்த வலி நிஜம். வலிப்பவரை யாரும் சந்தேகிக்க வேண்டாம்.

இடது கையின் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே பக்கம் மாறி, மூளையின் வலப்பாதிக்குப் போகிறது. கை போனபின்பும் அங்கே அதற்கான இடம் அப்படியே இருக்கிறது. 'விரலை விரி' என்று மூளை சொல்கிறது; விரிந்ததாகப் பதில் வருவதில்லை. நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் இல்லாத கையாகக் காட்டி, அந்தப் பதிலைக் கண் வழியாகக் கொடுக்கலாம் என்று 1996-இல் எழுதினார்கள் மூளை ஆய்வாளர்கள் வி. எஸ். ராமச்சந்திரனும் டயான் ரோஜர்ஸ்-ராமச்சந்திரனும். (ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர்.)

ஸ்டம்ப் (எடுத்தது போக மிஞ்சிய கைப்பகுதி) சிவந்தாலோ, வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, ஓரிடத்தைத் தொட்டதும் ஷாக் அடித்தாற்போல் இருந்தாலோ முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த வலி வேறு.

கைக்கு 40 × 50 செ.மீ. கண்ணாடி போதும். காலுக்கு என்றால் ஆளுயரக் கண்ணாடி வேண்டும். உருவம் நெளியாத, தட்டையான கண்ணாடியாகப் பார்த்து வாங்கி, விளிம்பில் டேப் ஒட்டுங்கள். மோதிரம், வாட்ச், வளையல், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இல்லாத கையில் இல்லாதது எதுவும் பிம்பத்தில் தெரிந்தால் மூளை அதைத் தன் கையாக ஏற்பது கஷ்டம்.

கண்ணாடியை மேசைமேல், நெஞ்சுக்கு நேர் நடுவே செங்குத்தாக நிறுத்துங்கள். முகப்புப் பக்கம் வலது கையைப் பார்த்திருக்க, ஸ்டம்ப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். இல்லாத கை எப்படி மடங்கியிருப்பதாக உணர்கிறீர்களோ, வலது கையையும் அப்படியே வையுங்கள். ஓரிரு நிமிடம் அசையாமல் பிம்பத்தை மட்டும் பாருங்கள். பிறகு மெதுவாக ஒவ்வொரு விரலாக விரியுங்கள். கூடவே இல்லாத விரல்களையும் விரிக்க முயலுங்கள். விரித்து மூடுவது 10 முறை, மணிக்கட்டைத் திருப்புவது 10 முறை, கட்டைவிரலால் மற்ற விரல்நுனிகளைத் தொடுவது 10 முறை. மொத்தம் 15 நிமிடம், தினமும், 4 வாரம். கால் இழந்தவர்களிடம் 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்விலும் இதே கணக்குதான்.

பலருக்கும் தவறுவது, பார்வை நிஜக் கைக்கு ஓடிவிடுவது. அதன்மேல் ஒரு துண்டைக் கூடாரம் போல மறைத்தால் சரியாகும். வேகமும் ஆகாது, இல்லாத கை பின்தங்கினால் பிம்பத்தோடு அதற்குள்ள ஒட்டுதல் அறுந்துவிடும். தலைசுற்றினாலோ அழுகை பொங்கினாலோ அன்றைக்கு நிறுத்துங்கள். முதல் நாள்களில் அழுகை வருவது உண்டு, பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

வலி கூடினால் கண்ணாடியை இரண்டு வாரம் ஒதுக்கிவைத்து, ஒரு படி கீழே இறங்குங்கள். வெவ்வேறு கோணங்களில் 20 கைப்படம் எடுத்து, போனில் இடவலமாகத் திருப்பி இன்னொரு 20 செய்து, கலைத்துப் போட்டு, இது இடதா வலதா என்று சொல்லிப் பழகுங்கள். விடை சொல்ல மூளை தன் கையையே மனசுக்குள் திருப்பிப் பார்க்கும். ஒரு தசைகூட அசையாது. இல்லாத கை சுருங்கி ஸ்டம்ப் நுனியில் ஒட்டியிருப்பதாகத் தோன்றுபவர்களுக்கு முழுக்கையின் பிம்பம் பொருந்தாமல் போகலாம். அவர்கள் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது தொடங்குவதுதான் நல்லது.