தொப்புள் ஹெர்னியாவுக்கு லேப்ராஸ்கோப்பி: முன்னும் பின்னும் நீங்கள் செய்ய வேண்டியவை

அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கிறேன். தொப்புளருகே வயிற்றுச் சுவரில் உள்ள ஓட்டை வழியாகக் கொழுப்போ குடலோ பிதுங்குவதுதான் தொப்புள் ஹெர்னியா. சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் விட்டுச் செய்யும் ஆபரேஷன் லேப்ராஸ்கோப்பி. தொப்புள் ஹெர்னியாவுக்கு லேப்ராஸ்கோப்பி செய்துகொள்ள வருபவர்களைத் தியேட்டருக்குத் தயார்ப்படுத்துவதும், மயக்கம் தெளிந்து வந்தவர்களை முதன்முதலாக எழுப்பி நடக்க வைப்பதும் என் வேலை. சர்ஜனின் பங்கு பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய வாரங்களும் பிந்தைய வாரங்களும் நோயாளியின் கையில். ஓட்டையை மறைக்க உள்ளே வைத்த வலை உடம்போடு சேர்ந்து பிடிப்பதற்குள் அதைச் சோதிப்பவை இருமலும், மலம் கழிக்க முக்குவதும், படுக்கையிலிருந்து வெடுக்கென்று எழுவதும்தான். டிஸ்சார்ஜ் சமயத்து அவசரத்தில் இவற்றை நிதானமாகச் சொல்ல முடிவதில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் காத்திருக்கக் கூடாத நிலைமை. தொப்புளில் உள்ள வீக்கம் திடீரென்று கல்லாக இறுகி, படுத்தாலும் உள்ளே போகாமல், தொட்டாலே வலித்தால். மேல்தோல் சிவந்தோ கருநீலமாகவோ மாறினால். கூடவே வாந்தி வந்து, வாயுவும் பிரியாமல் இருந்தால். இவற்றில் எது நேர்ந்தாலும் அன்றே, அந்த மணி நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். குடல் மாட்டிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கலாம். அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். போகிற வழியில் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம்.

அப்படி இல்லாதவர்களுக்கு நிதானமாக முடிவெடுக்க நேரம் இருக்கிறது. குழந்தைகளின் தொப்புள் ஹெர்னியா பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். பெரியவர்களுக்கு அப்படி மூடாது. ஆனால் எல்லோருக்கும் லேப்ராஸ்கோப்பிதான் சிறந்தது என்பதும் உண்மையல்ல. ஓட்டை சிறியதாக இருந்தால் தொப்புளை ஒட்டி ஒரு சின்னக் கீறல் போட்டுச் செய்யும் திறந்த முறையே போதும். சிலருக்கு அதை அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடலாம். லேப்ராஸ்கோப்பிக்கு முழு மயக்கம் வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்க ஹெர்னியா சங்கங்கள் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஓட்டை பெரிதாக இருப்பவர்களுக்கும் காயத்தில் சீழ் பிடிக்கும் அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கும்தான் லேப்ராஸ்கோப்பியை யோசிக்கலாம் என்கிறது. உடல் பருமன் உள்ளவர்களும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் இதில் நல்ல பலன் பெறுவதை வார்டில் பார்க்கிறேன். காயம் சிறியது, அதனால் தொல்லையும் குறைவு.

சர்ஜனைப் பார்க்கும்போது இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஓட்டை எத்தனை சென்டிமீட்டர்? எனக்கு ஏன் இந்த முறை? வலை வைப்பதற்கு முன் ஓட்டையைத் தையல் போட்டு மூடுவீர்களா? வயிற்றின் நடுத்தசைகள் விலகியிருக்கின்றனவா? உள்ளே குடல் போன்றவை ஒன்றோடொன்று அதிகமாக ஒட்டியிருந்தால் திறந்த முறைக்கு மாற்றுவீர்களா? குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். தொந்தரவு இல்லாத ஹெர்னியாவைப் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லக்கூடும். கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்திருப்பவர்களுக்கு அந்த நீரைக் கட்டுப்படுத்திய பிறகுதான் இந்த ஆபரேஷனைத் திட்டமிடுவார்கள்.

தேதி குறித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, புகைப்பதை நிறுத்துவது. குறைந்தது நாலு முதல் ஆறு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். புகைப்பவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும், மயக்கம் தெளிந்ததும் சளி கட்டி இருமுவார்கள், அந்த இருமல் ஒவ்வொன்றும் புதுத் தையலில் போய் இடிக்கும். நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், சிறுநீர் கழிக்கத் திணறுவது இவை எதுவானாலும் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். ஹெர்னியாவை வளர்த்ததில் இவற்றுக்குப் பங்கு உண்டு. விட்டால் மறுபடியும் வளர்க்கும். எடை கூடுதலாக இருந்தால் சில கிலோ குறைவதும் பெரிய உதவி.

நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் எழுதிக் கொண்டு வாருங்கள். பெயர் நினைவில்லை என்றால் அட்டையையே எடுத்து வாருங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வழக்கமாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரைக்கோ எடை குறைக்கவோ வாரம் ஒருமுறை செமாக்ளூடைடு ஊசி போடுபவர்கள் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்.

தொப்புளைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே குழிந்த தொப்புளில் அழுக்கு இறுகிக் கருப்பாகக் கட்டியாகியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். கடைசி நாளில் சுரண்டினால் தோல் புண்ணாகும். ஒரு வாரம் முன்பிருந்தே குளிக்கும்போது சோப்பு நுரையில் ஊறவிட்டு, நனைத்த பஞ்சுக் குச்சியால் மென்மையாகத் துடையுங்கள். பிறகு ஈரம் இல்லாமல் ஒற்றி எடுங்கள். வயிற்று முடியை நீங்களே பிளேடு வைத்து மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகக் கிருமி நுழையும். தேவைப்பட்டால் நாங்கள் கிளிப்பரால் எடுத்துவிடுவோம். பொதுவாகத் திட உணவை 6 மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பின்னால் வரும் வலிகள் பயமுறுத்தாது. வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்ப வைப்பார்கள். கேமராவுக்கும் கருவிகளுக்கும் வழக்கமாக மூன்று துளைகள். சில 5 மி.மீ., ஒன்று 10 அல்லது 12 மி.மீ. “தொப்புளில்தானே ஹெர்னியா, விலாப்பக்கம் ஏன் பிளாஸ்திரி?” என்று மயக்கம் தெளிந்ததும் கேட்காதவர்கள் குறைவு. தொப்புளை உள்ளிருந்து தள்ளி நின்று பார்த்தால்தான் வேலை செய்ய முடியும், அதனால் பக்கவாட்டில் போடுகிறார்கள். பிதுங்கிய கொழுப்பையோ குடலையோ உள்ளே இழுத்து, ஓட்டையைத் தைத்து, அதைச் சுற்றிலும் பல சென்டிமீட்டர் தாண்டி வலையை விரித்துப் பொருத்துவார்கள். குடலைத் தொடும்படி வைக்கும் வலைக்கு அந்தப் பக்கம் ஒட்டாத பூச்சு இருக்கும். வலையைப் பிடித்துவைக்கும் சின்ன ஆணிகளும் தையல்களும் உள்ள இடங்களில் சில நாள் சுருக்கென்று குத்தும்.

மயக்கம் தெளிந்தபின் தோள்பட்டை வலித்தால் நெஞ்சுவலியோ என்று பதறுவார்கள். மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது இது, பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். எழுந்து நடந்தால் குறையும். ஆனால் மூச்சுத் திணறலோ நெஞ்சில் இறுக்கமோ கூட இருந்தால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள். சிறுநீர் போய்விட்டதா என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கும் காரணம் உண்டு: மயக்கத்துக்குப் பிறகு சிலருக்குச் சிறுநீர் கட்டிக்கொள்ளும்.

இனி எழுந்திருப்பது. நேராக மல்லாந்து படுத்திருப்பவர் தலையைத் தூக்கி உட்காரப் பார்க்கும்போது முழுப் பாரமும் நடுவயிற்றில் விழும். அப்படி எழாதீர்கள். முழங்கால் இரண்டையும் மடக்குங்கள். தோளும் இடுப்பும் சேர்ந்தே திரும்பும்படி ஒருக்களித்துப் படுங்கள். கால்களைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்க விடுங்கள். கால் கீழே இறங்கும் அதே நேரத்தில் கீழே இருக்கும் முழங்கையையும் மேலே இருக்கும் உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றி உடம்பை மேலே தள்ளுங்கள். மூச்சைப் பிடித்து வைக்காமல் வெளியே விட்டபடி எழ வேண்டும். உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் அப்படியே இருங்கள், தலைசுற்றல் இல்லை என்றால் நில்லுங்கள். படுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் பழகிக்கொண்டு வருபவர்கள் அன்று மாலையே துணையில்லாமல் எழுந்து நடப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும்.

இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் ஒரு தலையணையை வயிற்றோடு சேர்த்து இரு கையாலும் அணைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப் பட்டை கட்டினால் வலிக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் ஹெர்னியா திரும்ப வராமல் அது தடுக்கும் என்று நம்பி இறுக்கிக் கட்ட வேண்டாம்.

வீட்டில் முதல் சில நாள் வலி மாத்திரையைத் தாங்க முடியாத வலி வரும்வரை காக்காமல், சொன்ன நேரத்தில் சாப்பிடுங்கள். வலி அடங்கினால்தான் ஆழ மூச்சு விடவும் நடக்கவும் முடியும். பாரசிட்டமால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் அளவு இன்னும் குறைவு. சளி மாத்திரையிலும் அது கலந்திருக்கும், சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ட்ரமடால் போன்ற வலுவான வலி மாத்திரைகள் மலத்தை இறுக்கிவிடும். அதனால் தண்ணீரும் நார்ச்சத்தும் போதாது என்று தோன்றினால், மூன்றாம் நாள் வரை கஷ்டப்படாமல் மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். முக்காதீர்கள். மேற்கத்திய கழிப்பறையில் காலுக்கு அடியில் ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொண்டால் சுலபமாகும்.

சில நாளில் தொப்புளில் மறுபடியும் ஒரு வீக்கம் தெரியலாம். “போட்டதெல்லாம் வீணாகிவிட்டது, திரும்ப வந்துவிட்டது” என்று அழுதுகொண்டே வருபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது ஹெர்னியா இருந்த வெற்றுப் பையில் சேரும் நீர். சில வாரங்களில் தானே வற்றும். ஊசி குத்தி எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கிருமி உள்ளே போக அது வழியாகும். மறுபரிசோதனையில் காட்டினால் போதும்.

ஆனால் கவனியுங்கள்: நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும். குறைந்துவந்த வலி மறுபடி ஏறுவது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நிற்காத வாந்தி, உப்பிக்கொண்டே போகும் வயிறு, புண்ணில் சீழ், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த தேதி வரை பொறுக்க வேண்டாம். அரிதாகக் குடலில் பட்ட காயம் தாமதமாகத்தான் வெளியே தெரியும்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். பாரம் தூக்குவதற்கு சர்ஜன் சொல்லும் தேதிதான் கணக்கு, வழக்கமாக நாலு முதல் ஆறு வாரம். கைக்குழந்தையும் தண்ணீர்க் குடமும் பாரம்தான். குழந்தையை மடியில் எடுத்து வைக்க இன்னொருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். வண்டி ஓட்டுவதற்கு, வலியில்லாமல் சட்டென்று பிரேக்கை அழுத்த முடிய வேண்டும், தூக்கம் வரவைக்கும் மாத்திரையும் நின்றிருக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் வாங்கும்போது ஆபரேஷன் குறிப்பின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வலை என்ன வகை, என்ன அளவு, எந்த அடுக்கில் வைத்தது என்பது அதில் இருக்கும். பின்னாளில் சிசேரியனோ பித்தப்பை ஆபரேஷனோ செய்ய வேண்டி வந்தால், வயிற்றைத் திறக்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.